கலக்கமும் கலக்கலும்

என் மனைவி மறைந்த பிறகு என்னிடம் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட சொல் 'கலங்காதீங்க' என்பது. செம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்கள் சொன்னார்கள். சபையில் ஆராதனை முடிந்து கைகுலுக்கியவர்கள் சொன்னார்கள். மருந்துக் கடையில், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் நன்றி என்றே பதில் சொன்னேன், உண்மையாகவே நன்றிதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு புன்னகையும் எழுந்தது என்று சொன்னால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லை முன்னிட்டு நானும் அவளும் ஒரு கோடை முழுவதும் வாதிட்டிருந்தோம்.

நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் கடல் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கடல்நீரில் மிதக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள் ஓரிடத்தில் மண்டிக் கிடப்பதும் வேறோரிடத்தில் அறவே அருகிப்போவதும் ஏன் என்பதே என் வாழ்நாள் கேள்வி. நெத்திலியிலிருந்து திமிங்கிலம் வரை எல்லாம் கடைசியில் அவற்றைத்தான் உண்டு வாழ்கின்றன. கடல் எவ்வளவு விளையும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. அவை எவ்வளவு பெருகும் என்பதை எது முடிவு செய்கிறது என்பதைத்தான் நான் படித்தேன், கற்பித்தேன். இரண்டும் ஆங்கிலத்தில்.

அவள் பொழிச்சலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. ஓய்வுக்குப் பிறகும் வியாழக்கிழமைதோறும் அங்கே போய்ப் பாடம் எடுத்துவந்தாள். விமான நிலையம் அருகே என்பதால் அந்தப் பள்ளியின் கூரைக்கு மேலேயே விமானங்கள் இறங்கும். அங்கே ஆயுள் முழுவதும் கற்பித்ததில் அவளுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. எங்கே எந்த இரைச்சல் எழுந்தாலும் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நடுவிலேயே நிறுத்திவிடுவாள். இரைச்சல் அடங்கியதும், எந்த எழுத்தில் நிறுத்தினாளோ அதிலிருந்து தொடர்வாள். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் அப்படித்தான். "இன்னிக்கு சாயங்காலம் சித்த"போடு நின்று, விசில் ஓய்ந்ததும் "ப்பா வர்றாங்க" என்பாள். திருமணமான புதிதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பின்னர் அதற்கெனக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பள்ளிக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வந்து கடலைப் பற்றித் தமிழில் பேசுவேன் என்பது அந்த வாக்கு. என்னைக் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தாள். நானும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். நாளும் ஏறத்தாழக் குறித்தாயிற்று. அதற்குள் அவளுக்கு நோய் கண்டது.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு வாரந்தோறும் போக வேண்டியிருந்தது. அங்கே காத்திருப்புக் கூடத்தில், நீல நிற நாற்காலிகளில் அமர்ந்துதான் நாங்கள் அந்தப் பேச்சைத் தயாரித்தோம். பேச்சு என்னுடையது, சொற்கள் அவளுடையவை. மருத்துவமனைகளில் மனிதர்கள் பொதுவாக எதைப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பேசாமல் நாங்கள் சொற்களைப் பேசினோம். அந்தக் கோடைக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

"உற்பத்தித்திறன்" என்று நான் முதலில் தொடங்கினேன்.

"ஃபேக்டரி வாசனை அடிக்குது. விளைச்சல்னு சொல்லுங்க."

"வயலுக்குத்தானே விளைச்சல்?"

"உப்பு விளையுது, முத்து விளையுது. மீன் விளைஞ்சா என்ன குறைஞ்சிடும்?"

விளைச்சல் நிலைத்தது. அடுத்து நின்றதுதான் அந்தச் சொல். கடலின் கதை முழுவதும் உண்மையில் அதிலேதான் இருக்கிறது. செடிக்கு வெளிச்சம் வேண்டும். அது கடலின் மேல்தட்டில் மட்டுமே உண்டு. செடிக்கு உரமும் வேண்டும். கடலில் இறப்பவை, கழிபவை யாவும் கீழே இறங்கி மட்கிவிடுவதால் உரம் முழுவதும் ஆழத்து இருட்டில் தங்கிவிடுகிறது. வெளிச்சம் மேலே, உரம் கீழே. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் கீழ்நீரும் மேல்நீரும் சேர வேண்டும். அந்தச் சேர்க்கைக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டது.

"கலவை?" என்றேன்.

"கலவைன்னா கொத்தனார்தான் ஞாபகத்துக்கு வருவார். கடலுக்குள்ள தளம் போடறாங்கன்னு நெனச்சுக்கும் பிள்ளைங்க."

"கலப்பு?"

"கலப்புன்னா ஒண்ணு பாலு, இல்ல கல்யாணம். வேண்டவே வேண்டாம்." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கலக்கம்."

"அது மனசுக்குச் சொல்றது."

"தண்ணியில இருந்துதான் அது மனசுக்கே போச்சு. நீங்க திருப்பித் தண்ணிக்கே கொண்டுபோறீங்க, அவ்வளவுதான்."

அன்று எங்களைக் காரில் அழைத்து வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நாற்காலியில் அமர்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேம்ப் ரோட்டில் மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். நாங்கள் அவரைப் பாய் என்றே அழைப்போம். என் மனைவி அவருக்கு அக்கா.

"இன்னா அக்கா, இவ்ளோ பேசுறீங்க. நம்ம மிக்ஸிக்குத் தமிழ்ல இன்னா பேரு?"

"மின்னம்மின்னு ஒண்ணு இருக்கு பாய்."

"போச்சு! அந்தப் பேரைப் போர்டுல போட்டேன்னா கடைக்குள்ள ஈ கூட வராது. சார், நீங்க வேற கலக்கம் கிலக்கம்னு சொல்லிப் பிள்ளைங்களை அழவெச்சிடப் போறீங்க."

அவள் சிரித்தாள். நான் விடவில்லை. 'கலக்கம்' என்றால் கேட்பவருக்குத் துயரம்தான் தோன்றும் என்று வாரக்கணக்கில் மறுத்தேன். அவளும் விடவில்லை. கலங்கு என்பது தன்வினை, கலக்கு என்பது பிறவினை. காற்று கலக்கும், கடல் கலங்கும். இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல ஆங்கிலத்தில் வழியுண்டா என்று கேட்டாள்.

அந்தக் கோடையின் நடுவில், உடம்பு இடம்கொடுத்த ஒரு நாள், மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் தாம்பரம் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ரோஸ்மில்க் கேட்டாள். கடைக்காரர் அவசரத்தில் கலக்காமலே நீட்டிவிட்டார். கண்ணாடித் தம்ளரின் அடியில் சிவப்புச் சாறு, மேலே வெள்ளைப் பால். அவள் ஒரு வாய் பருகி முகம் சுளித்தாள். பிறகு தம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு வருஷமா நீங்க இங்கிலீஷ்ல சொல்லிட்டிருந்தது இதைத்தானா?"

"இதைத்தான்."

"அப்ப படமெல்லாம் எதுக்கு? இதை எடுத்துட்டுப் போங்க."

மழைக்காலம் தொடங்குமுன் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

சில மாதங்களுக்குப் பிறகு பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். மிகத் தயங்கிப் பேசினார். "கட்டாயம்னு இல்ல சார். மிஸ் சொல்லியிருந்தாங்கன்னு பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. உங்களால முடிஞ்சா மட்டும்." வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் நான் ஏற்றுக்கொண்டது என்னவென்று விளங்கியது. அவளுடைய பள்ளியில், அவளுடைய மொழியில், அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சொற்களை அவளை அறிந்த பிள்ளைகள் முன்னால் நின்று நான் சொல்லியாக வேண்டும். பொது இடத்தில் குரல் உடையாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அவளை அடக்கம் செய்த அன்றைய ஆராதனையிலும் அது உடையவில்லை. இங்கே உடைந்துவிடும் என்று தோன்றியது. உடைந்தால் அவள் கொடுத்த வாக்கு பாதியில் நின்றுபோகும்; பிள்ளைகள் கடலை மறந்துவிட்டு, அழுத கிழவரை மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள். அது ஒன்றுதான் என் அச்சம்.

பாய்தான் அழைத்துப் போனார். மடியில் ரோஸ் எசன்ஸ் பாட்டிலும், ஈரத்துணி சுற்றிய பால் பாத்திரமும், உயரமான கண்ணாடித் தம்ளரும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்கப் போற மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கொஞ்சம் பயமாக இருக்கிறது, பாய்."

"ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைங்கதானே சார். கடிச்சா திங்கப் போவுதுங்க?" பல்லாவரம் தாண்டும்வரை அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அதற்காகவும் அவருக்கு நன்றி.

மாடியில் நீளமான ஒரு வகுப்பறை. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை என்னை அறிமுகப்படுத்தும்போது "நம்ம தமிழ் மிஸ்ஸோட…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், ஒதுங்கி நின்றார். நான் பேசத் தொடங்கினேன். சில வாக்கியங்கள் ஆகியிருக்கும். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. கல்லூரிப் பழக்கத்தில் குரலை உயர்த்தித் தொடர்ந்தேன். பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை. பொறுமையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலி தேய்ந்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"சார், ஃப்ளைட்டு வந்தா நிறுத்திடணும் சார். மிஸ் அப்படித்தான். நடுவுல நிறுத்திட்டு, அப்புறம் விட்ட எழுத்துல இருந்து ஆரம்பிப்பாங்க."

"தெரியும்" என்றேன். குரல் சரியாகவே இருந்தது.

தம்ளரில் சிவப்புச் சாற்றை ஊற்றினேன். கரண்டியின் முதுகு வழியாகப் பாலை மெல்ல வழியவிட்டேன். இரண்டும் தனித்தனியே நின்றன. மேலே இருப்பது வெயில் படும் கடல், கீழே இருப்பது இருண்ட கடல் என்று விளக்கினேன்.

"மேலே மட்டும் குடித்தால் எப்படி இருக்கும்?"

"சப்புனு இருக்கும் சார்!"

"ஏன்?"

"டேஸ்ட்டு எல்லாம் அடியில கீது சார்!" என்றது பின்வரிசைக் குரல்.

"ஏய், இருக்குதுன்னு சொல்லுடி. சாரு ப்ரொஃபசரு."

"கீது என்றாலே எனக்குப் புரிகிறது" என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு. நம் வங்காள விரிகுடா ஏறக்குறைய இப்படித்தான் என்று சொன்னேன். பெரிய ஆறுகளும் மழையும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. அது ஒரு மூடியைப்போல் மேலே கிடக்கும். செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து, பள்ளிக்கரணைச் சதுப்பைக் கடந்து கடலைச் சேரும்போது நம் ஊரும் அந்த மூடிக்கு ஒரு கைப்பிடி சேர்க்கிறது. மூடி இருக்கும்வரை கீழே உள்ள உரம் மேலே வராது. அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்துக்குக் கீழ்நீர் ஏறிவரும். ஆகவே அது நம் கடலைவிட அதிகம் விளையும். தெளிந்த நீலக் கடல் பார்க்க அழகாக இருக்கும். பெரும்பாலும் அது பாலைவனம்.

"அப்படியென்றால், இந்தத் தம்ளரை என்ன செய்ய வேண்டும்?"

"கலக்கணும் சார்!" அறை முழுவதும் ஒரே குரல்.

நான் கரும்பலகையை நோக்கித் திரும்பினேன். அவள் கொடுத்த சொல்லை எழுத வேண்டிய இடம் அது. 'கலக்க' வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுத வேண்டியது ஒரே ஒரு மகர மெய். நீல நாற்காலியும், "தண்ணியில இருந்துதான் மனசுக்கே போச்சு" என்ற குரலும் என் கைக்கும் பலகைக்கும் நடுவே வந்து நின்றன. பலகையில் இருந்த எழுத்துகள் கண்ணீரில் மங்கின. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, சாக்குக்கட்டியைப் பலகையில் ஊன்றியவாறு நின்றேன். இன்னும் ஒரு கணம் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அப்போது அடுத்த விமானம் வந்தது.

அந்த அறையில் எவரும் என் நிற்றலைத் துக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானத்துக்காக நிறுத்தியிருக்கிறார், கற்றுக்கொண்டுவிட்டார் என்றே எண்ணினார்கள். சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. தம்ளருக்குள் சிவப்பும் வெள்ளையும் சேரும் எல்லை மெலிதாக நடுங்கியிருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொள்ளவும் மூச்சைச் சீராக்கிக்கொள்ளவும் போதுமான இரைச்சலை அந்த விமானம் எனக்குக் கொடுத்தது. அவள் தன் வாழ்நாளெல்லாம் அந்த இரைச்சலுக்கு விட்டுக்கொடுத்த வாக்கியங்களுக்கு ஈடாக அது எனக்குத் திருப்பித் தந்ததோ என்று பிறகு நினைத்தேன். அறிவியல் கற்றவன் அப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

ஒலி அடங்கியது. விட்ட எழுத்திலிருந்து தொடங்கினேன். ஆனால் மகர மெய் வரவில்லை. கை தானாகவே லகர மெய்யை எழுதியது. இலக்கணப்படி பிழையில்லை, கலக்கு என்னும் வினைக்கு அது முறையான தொழிற்பெயரே. நிதானமாகத் திரும்பி, கல்லூரி மேடைக் குரலில் படித்தேன்:

"கடல் விளைய வேண்டுமானால், கலக்கல் வேண்டும்."

அறை வெடித்தது. மேசையைத் தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ ஒருத்தி விசிலடித்தாள். "கலக்கல் சார்! செம்ம கலக்கல்!" தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார். எனக்குச் சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை. சினிமாச் சுவரொட்டியிலும் தேநீர்க் கடையிலும் நாள்தோறும் கேட்கும் சொல். அருமை, அட்டகாசம் என்று பொருள். முழுத் தமிழில் பேச வேண்டும் என்ற கவனத்தில் தெருத் தமிழை மறந்துபோயிருந்தேன். புரிந்ததும் நானும் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன்.

முன் வரிசைப் பெண் மீண்டும் எழுந்தாள். "கலக்கம்னும் சொல்லலாம்ல சார்? காத்து கலக்கும், கடல் கலங்கும். தன்வினை பிறவினை. மிஸ் இதே எடுத்துக்காட்டுதான் சொன்னாங்க."

நாங்கள் வாதிட்ட அதே கோடையில், உடம்பு ஓரளவு நன்றாக இருந்த வியாழக்கிழமை ஒன்றில், அவள் அந்த வாதத்தை இங்கே கொண்டுவந்து இலக்கணப் பாடமாக நடத்தியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. தீர்ப்பை முன்கூட்டியே தனக்குச் சாதகமாக வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"சொல்லலாம்" என்றேன். "உங்கள் மிஸ் சொன்னதுதான் சரி." லகர மெய்யின் அருகே, அடைப்புக்குறிக்குள், மகர மெய்யையும் எழுதினேன்.

அதன் பிறகு பேச்சு எளிதாக ஓடியது. புயல் கடந்துபோன தடத்தில், சில நாட்கள் கழித்துக் கடல் பச்சை பூப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம் என்றேன்.

"புயல் வந்தா எங்களுக்கு லீவு சார். கடலுக்கும் லீவா?"

"கடலுக்கு அன்றைக்குத்தான் வேலை நாள்."

உரம் நிறைய இருந்தும் விளையாத கடல்கள் உண்டு, அங்கே குறைவது ஒரு சிட்டிகை இரும்பு மட்டுமே என்றபோது, "குழம்புல உப்பு மாதிரியா சார்?" என்று கேட்டார்கள். உப்பு மாதிரிதான், எல்லாம் இருந்து எது குறைகிறதோ அதுவே அளவை முடிவு செய்கிறது என்றேன். நம் ஏரிகள் பச்சைப்பசேலென்று இருப்பது செழிப்பா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, சாக்கடை கொண்டுவரும் மிதமிஞ்சிய உரம். அது அடியில் உள்ள மீனுக்கு மூச்சுமுட்டல் என்றேன்.

கடைசியாக, பின்வரிசையிலிருந்து 'கீது' சொன்ன அதே குரல்: "அப்ப எப்பவுமே கலக்கினே இருந்தா நெறைய வெளையுமா சார்?"

மிக நல்ல கேள்வி. என் துறையில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட கேள்வியும்கூட. "விளையாது" என்றேன். "ஓயாமல் கலக்கினால் உரம் மேலே வரும், ஆனால் செடியும் சேர்ந்து இருட்டுக்குள் இழுபடும். வெளிச்சத்தில் தங்க அதற்கு நேரம் வேண்டும். ஆழம்வரை கலங்கிய பிறகு கடல் கொஞ்சம் அடங்கவும் வேண்டும். அடங்கத் தொடங்கும்போதுதான் பூக்கும்." சொல்லிவிட்டு வேறெதுவும் சேர்க்கவில்லை. கடலை உவமையாக்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

முடிந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "கலக்கிட்டீங்க சார்!" "மிஸ் இருந்திருந்தா செம்மையா கலாய்ச்சிருப்பாங்க சார்!" மாதக்கணக்கில் கலங்காதீர்கள் என்று கேட்ட காதுக்கு, அதே வேரிலிருந்து வந்த இந்தச் சொல் புதிதாக இருந்தது. தலைமையாசிரியை தம்ளரில் கரண்டியைப் போட்டுக் கலக்கி என்னிடமே நீட்டினார். எனக்குச் சர்க்கரை ஆகாது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு முழுவதும் பருகினேன். சாப்பிடுமுன் அதைச் சொல்ல மறக்கும்போதெல்லாம் நினைவூட்டியவள் அவள்தான்.

பாய் காரை வேப்பமர நிழலில் நிறுத்தி வைத்திருந்தார். காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"இன்னா சார், எப்படிப் போச்சு? அழுதுச்சுங்களா?"

"இல்லை பாய், சிரித்தார்கள். உங்கள் அக்கா கொடுத்த சொல்லை நான் மாற்றி எழு"

மேலே, மிகத் தாழ்வாக, ஒரு விமானம் வந்தது. நான் நிறுத்தினேன்.

"சொல்லுங்க சார், கேக்குது, கேக்குது" என்று பாய் கத்தினார்.

அது கடந்து, ஓடுபாதையைத் தொட்டு, ஒலி முழுவதும் தேயும்வரை காத்திருந்தேன்.

"திவிட்டேன்" என்றேன்.